கால் பங்கு

நூற்று நாற்பத்தெட்டு கிலோ இருந்தேன்.
பதினாறு மாதத்தில் நூற்றுப் பதினொன்று.
கணக்குப் போட்டால்
சரியாகக் கால் பங்கு என்னை விட்டுப் போயிருக்கிறது.
இடுப்பு போகும், தாடை போகும்,
பாத்திரம் கழுவும்போது மோதிரம் போகும்
என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள்.
காலும் கொஞ்சம் போகும் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

பிப்ரவரி மாதம்.
செயின்ட் ஜான்ஸில் தெருக்கள் படுப்பதில்லை,
துறைமுகத்திலிருந்து எழுந்து நிற்கும்.
ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் தரை துடைத்துவிட்டு
ஏறி வந்துகொண்டிருந்தேன்.
பனிக்குவியலில் இடது காலை வைத்தேன்,
எடுத்தேன்.
கால் வந்தது.
பூட்ஸ் வரவில்லை.

சாம்பல் நிறக் காலுறையோடு
ஒற்றைக்காலில் கொக்காக நின்றேன்.
எதிர்வீட்டு ஆம்புரோஸ் ஹைன்ஸ்
பனி வாரும் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தான்:
"லியாண்டர், உன் கால் உன்னை விட்டுவிட்டு
வீட்டுக்குப் போகப் பார்க்குதா?"

முன்பே தெரிந்திருக்க வேண்டும்.
குதிகாலில் ஆறாத கொப்புளம்.
இரண்டு ஜோடி காலுறை, முனையில் திணித்த செய்தித்தாள்.
இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும்
விரல்கள் முன்னால் போய் முட்டி முட்டிப்
பெருவிரல் நகம் புளூபெர்ரி நிறத்துக்கு வந்துவிட்டது.

கால் பார்க்கும் நர்ஸ், ரோவீனா ஸ்னூக்,
குளிர்ந்த தகட்டில் நிற்கவைத்து அளந்தாள்.
பதினொன்றரை இல்லை, பத்தரை.
"எலும்பு குறையாது மிஸ்டர் டிசார்ட்.
பாரத்தில் தட்டையாகிக் கிடந்தது
கொஞ்சம் வளைந்து எழுந்திருக்கிறது.
வீக்கம் வடிந்திருக்கிறது, கொழுப்பு போயிருக்கிறது.
சிலருக்கு ஒன்றுமே மாறாது."
கண்ணை மூடச் சொல்லித்
தூண்டில் நரம்பு போன்ற ஒன்றால் பாதத்தைத் தொட்டாள்.
எங்கே?
இங்கே.
இப்போது?
இங்கே.
ஏனோ எனக்கு அழுகை வந்தது.

ஏழு வருடம் காலையில் முதல் அடி வைக்கும்போது
குதிகாலில் ஓர் ஆணி இருந்தது.
அது எந்த நாளில் போனது என்று தெரியாது.
வலி வந்த தேதி ஞாபகமிருக்கும்,
போன தேதி யாருக்கு இருக்கும்?
பதிலுக்கு ஒன்று வந்திருக்கிறது:
அடியில் இருந்த மெத்தை மெலிந்துவிட்டது.
சமையலறை ஓடு நேரே எலும்போடு பேசுகிறது,
குளிரை ஒளிக்காமல்.

புது பூட்ஸ் வாங்கினேன், இருநூற்றுப் பத்து டாலர்,
கால் உப்பியிருக்கும் சாயங்கால நேரம் பார்த்து,
முனையில் கட்டைவிரல் அகலம் விட்டு.
பழையது இன்னும் வாசலில் இருக்கிறது.
தூக்கிப் போடச் சொல்கிறாள் வெர்னா.
சரி சரி என்கிறேன்.
அதற்குள் இருந்த ஆள்
ஒருநாள் திரும்பி வந்து கேட்டால்
என்ன சொல்வது?

இன்னொன்று. இதை நர்ஸிடம் சொல்லவில்லை.
ஒன்பது வருடமாக என் கால் எனக்கு எட்டியதில்லை.
ஞாயிறு இரவு, ஹாக்கி முடிந்ததும்,
வெர்னா மடியில் துண்டை விரித்து
என் நகங்களை வெட்டிவிடுவாள்.
முனகிக்கொண்டேதான் வெட்டுவாள்.
மற்ற நாளில் சொல்லாத விஷயங்களை
அப்போதுதான் சொல்வாள்,
முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா:
தங்கையின் கடன், மார்பில் தட்டுப்பட்ட கட்டி,
அது ஒன்றுமில்லை என்று தெரிந்த மதியம்.

போன மாதம் நானே குனிந்தேன்.
எட்டியது.
பத்தையும் வெட்டிவிட்டு
விருது வாங்கியவன் மாதிரி காட்டினேன்.
"நல்லது" என்றாள்.
துண்டை மடித்து உள்ளே வைத்தாள்.
அதன் பிறகு மூன்று ஞாயிறு
வானிலை பற்றித்தான் பேசினோம்.

நேற்று ஒன்பது வெட்டினேன்.
இடது சுண்டுவிரலை மட்டும் விட்டுவைத்தேன்.
"இது எட்டவில்லை" என்றேன்.
அவள் என் வயிற்றைப் பார்த்தாள்,
காலைப் பார்த்தாள்,
நம்பவில்லை.
துண்டை எடுத்துவரப் போனாள்.